நம் சங்கத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா, துணைத்தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். இந்த அறிக்கை எப்படியும் வாட்ஸ்ஆப்பில் அவர்களுக்குப் போய்ச் சேரும். திறந்து பார்ப்பார்களா என்பது அவர்கள் பாடு.

முதலில் ஒரு விளக்கம். இங்கே மொரீஷியஸில் எல்லாரும் பேசுகிற கிரியோலில் எழுதினால் எல்லாருக்கும் புரியுமே என்று துணைத்தலைவர் இந்த முறையும் கேட்டார். புரியும்தான். ஆனால் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் தமிழில் இருக்க வேண்டும் என்று நம் தாத்தாக்கள் விதி எழுதி வைத்துப் போயிருக்கிறார்கள். ஆரம்பப் பள்ளியில் 34 வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்த விதியை நானே மீறினால் நன்றாக இருக்காது. வாசித்து முடித்ததும் முக்கியமானதைக் கிரியோலில் வாயால் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டு நிகழ்ச்சிகள்: பிப்ரவரி 11, தைப்பூசக் காவடி; வழக்கம்போல் தண்ணீர்ப் பந்தல் போட்டோம், எலுமிச்சைச் சாறு பதினோரு மணிக்கே தீர்ந்துவிட்டது. ஏப்ரல் 14 வருடப் பிறப்பு வேலை நாளாகப் போனதால் மாலையில் கூடினோம். புரட்டாசி கோவிந்தன் விரதத்தின் கடைசிச் சனிக்கிழமை ஏழு கறிச் சாப்பாடு நடந்தது; வாழை இலை கொடுத்த அண்ணனுக்கு நன்றி. தீபாவளிக்கு விளக்குப் போட்டி. நவம்பர் 2 அன்று ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய நாளுக்கு ஆப்பிரவாசி காட் என்ற பழைய குடியேற்ற நிலையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனோம். பஸ்ஸில் பாதி இடம் காலி. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் 14 பிள்ளைகள் சேர்ந்து 9 பேர் நின்றார்கள். உறுப்பினர் குடும்பங்களில் மூன்று சாவு, ஐந்து கல்யாணம். சங்கம் சார்பில் மாலையும் மொய்யும் போயின.

இனி இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தை உண்மையாகவே தின்ற விஷயத்துக்கு வருகிறேன். நேரத்தைத் தின்றது என் நேரத்தைத்தான் என்று சிலர் சொல்லலாம். அதுவும் சரிதான்.

மார்ச் மாதம் ஒரு காலை, இரங்கல் அறிவிப்பு ஒன்றைத் தேடிப் பத்திரிகையைப் பிரித்தேன். அதே பக்கத்தின் மூலையில், பிரெஞ்சில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஓர் அறிவிப்பு. லே சாலின் பக்கத்துக் கடலோரத்தில் மூன்று அடுக்குமாடிக் கட்டடங்கள், கீழே கடைகள், அடித்தளத்தில் வாகன நிறுத்தம், முன்னால் படகுத்துறை. சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது, கருத்து இருந்தால் குறிப்பிட்ட தேதிக்குள் எழுத்தில் தரலாம் என்று போட்டிருந்தார்கள். போர்ட் லூயிஸ் நகர நடுவிலிருந்து நடந்து போகிற தூரம். நம் பேட்டையான கசிஸிலிருந்து அதைவிடக் கிட்டே. நம் சங்கக் கட்டடத்திலிருந்து சொன்னால், பொருளாளர் ஒரு சிகரெட் முடிப்பதற்குள் போய்விடலாம்.

உடனே வாட்ஸ்ஆப் குழுவில் படம் எடுத்துப் போட்டேன். 86 உறுப்பினர்களில் 61 பேர் பார்த்ததாகக் காட்டியது. நான்கு பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவர் 'காலை வணக்கம்' என்று ரோஜாப்பூ அனுப்பினார். தலைவர் ஐயா மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டு, "பார்த்துச் செய்யுங்க சார், ஆனா சங்கத்துக்கு வம்பு வரக்கூடாது" என்றார். இந்தப் பேச்சின் முதல் பாதியைத்தான் நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன். இரண்டாவது பாதி பற்றிப் பிறகு வருகிறேன்.

அந்தச் சுற்றுச்சூழல் அறிக்கையை, அது வைக்கப்பட்டிருந்த அலுவலகத்தில் மூன்று முழு நாள் உட்கார்ந்து படித்தேன். கணினியிலும் கிடைக்கிறது, ஆனால் அந்த வரைபடங்களை என் கைப்பேசியில் பார்த்தால் நண்டு ஊர்ந்த தடம்தான் தெரிகிறது. பள்ளி நோட்டு இரண்டு வாங்கிக் குறிப்பெடுத்தேன். சங்கப் பணத்தில் வாங்கவில்லை.

படித்ததில் எனக்குப் பட்டதைச் சங்கத்தின் பெயரில் மனுவாக எழுதிக் கொடுத்தேன்; அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனுவின் நகல் அலமாரியில் இருக்கிறது. ஏப்ரலிலிருந்து இதுவரை உறுப்பினர் ஒருவரும் கேட்டு வாங்கவில்லை.

முதலில் வெள்ளம். போர்ட் லூயிஸ் ஒரு கிண்ணம் மாதிரி. பின்னால் மோக்கா மலைத்தொடர், முன்னால் கடல். மலையில் கொட்டுகிற மழை, ஓடைகள் வழியாகவும் ஊருக்கு அடியில் மூடிப் போட்ட கால்வாய்கள் வழியாகவும் மிகக் குறைந்த நேரத்தில் கீழே இறங்கிவிடும். இறங்குகிற இடத்தில் குப்பை அடைத்திருந்தால், அல்லது கட்டடம் குறுக்கே நின்றால், தண்ணீர் தெருவில் ஏறும். 2013 மார்ச் 30, சனிக்கிழமை, இரண்டு மணி நேரத்துக்குள் 152 மில்லிமீட்டர் பெய்தது. 11 பேர் செத்தார்கள். கடலோரக் கடைப் பகுதியான கோடான் அருகே சுரங்க நடைபாதையில் மாட்டிக்கொண்டவர்களும், கட்டடத்தின் அடித்தள வாகன நிறுத்தத்தில் மாட்டிக்கொண்டவர்களும் அதில் உண்டு. அதற்குப் பிறகு 2017இல் வடிகாலுக்கென்று தனிச் சட்டம் போட்டு ஆணையம் வைத்தார்கள். 2024 ஜனவரி 15 பெலால் புயலன்று இதே நகரத்தில் கார்கள் மிதந்ததை நாமே ஜன்னலில் நின்று பார்த்தோம். இதையெல்லாம் பார்த்த ஊரில், கடலை ஒட்டி, தரைக்கு அடியில் கார் நிறுத்தம் கட்டுகிறார்கள் என்றால், தண்ணீர் வந்தால் எந்த வழியாக வெளியேற்றுவீர்கள் என்று கேட்பது வம்பா? அறிக்கையில் பம்பு இருக்கிறது என்று ஒரு வரி இருக்கிறது. கரண்ட் போனால் அந்த பம்பு என்ன செய்யும் என்று நான் ஒரு வரி எழுதினேன்.

இரண்டாவது, போக்குவரத்துக் கணக்கெடுப்பு. வண்டிகளை எண்ணிய தேதியைப் பார்த்தேன். டிசம்பர் பள்ளி விடுமுறை. ஆசிரியராக இருந்தவன் கண்ணுக்கு அது தப்புமா? பள்ளி நாளில் காலை ஏழரைக்கு நம் தெருமுனையில் வந்து எண்ணிப் பார்க்கட்டும்.

மூன்றாவது, யாருக்கு வீடு என்பது. இதைப் பற்றி நம்மில் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடியாவதும் உள்ள கட்டடத்தில் வெளிநாட்டவர் அபார்ட்மென்ட் வாங்கலாம் என்று 2016இல் மொரீஷியஸ் சட்டம் மாறியது. விலை குறைந்தது 60 லட்சம் ரூபாய் இருக்க வேண்டும். அதற்கு முன் 2015இல் ஸ்மார்ட் சிட்டி திட்டம் வந்திருந்தது. இப்படிப்பட்ட திட்டங்களில் வீடு வாங்கினால் இங்கேயே குடியிருக்க அனுமதி கிடைக்கும்; அதற்கான தொகையை 2020இல் 5 லட்சம் டாலரிலிருந்து 3,75,000 டாலராகக் குறைத்தார்கள். கொரோனா வந்து டாலர் வரத்து நின்றபோது எடுத்த முடிவு. அரசாங்கத்தைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நம் தம்பி ஒருவர், "நம்ம பசங்களுக்கும் ரெண்டு ப்ளாட் ஒதுக்கச் சொல்லலாமே சார்" என்று கேட்டார். 2025இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 17,110 ரூபாய். அதில் ஒரு காசு செலவழிக்காமல், சாப்பிடாமல், பஸ் ஏறாமல் சேர்த்தால் 60 லட்சத்துக்கு 29 வருடம் ஆகும். கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டினேன். தம்பி அப்புறம் பேசவில்லை.

நான்காவதுதான் எனக்கு முக்கியம். இந்த நாட்டில் கடற்கரையோரம் 81 மீட்டர் 21 சென்டிமீட்டர் அகல நிலத்தை 'பா ஜியோமெத்ரிக்' என்கிறோம். பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1807இல், தளபதி தெக்கான் போட்ட ஆணையிலிருந்து வருவது. அது அரசு நிலம். குத்தகைக்குத்தான் கிடைக்கும், விலைக்குக் கிடையாது. சரி, நிலம் அரசுடையது என்றால் கரையில் நடக்கிற உரிமை யாருடையது? பல இடங்களில் ஹோட்டல்காரன் மூங்கில் வேலி போட்டு, ஒரு நாய், ஒரு காவலாளி வைத்துவிட்டால் முடிந்தது. எதிர்த்துக் கேட்க யாரும் போவதில்லை. நகரத்துக்குள் அது நடக்கக்கூடாது என்பதுதான் என் கோரிக்கை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1996இல் கோடான் வாட்டர்பிரண்ட் திறந்தபோதும் நான் முணுமுணுத்தவன்தான். பணக்காரர் பொழுதுபோக்கு என்று சொன்னேன். பிறகு நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே கடைகளில் வேலைக்குப் போனார்கள். பென்ஷன் வந்த பிறகு நானும் மாலையில் அங்கேதான் நடக்கிறேன், டீ குடிக்கிறேன், கப்பல் பார்க்கிறேன். என்னை யாரும் 'எங்கே போகிறாய்' என்று கேட்டதில்லை. கடை இருக்கிற கரையில் நாலு பேர் வந்தால்தான் கடைக்காரனுக்கு லாபம். வீடு இருக்கிற கரையில் யாரும் வராமல் இருந்தால்தான் வீட்டுக்காரனுக்கு நிம்மதி. மாதிரிப் படத்தில் நடைபாதை அழகாக இருக்கிறது, மரம் நிழல் எல்லாம் உண்டு. ஆனால் அது இரவும் பகலும் எல்லாருக்கும் திறந்திருக்கும், கேட் போட மாட்டோம் என்று அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் எழுத்தில் இல்லை. கட்ட வேண்டாம் என்று நான் மனுவில் எழுதவில்லை. இதைப் படிக்காமலே 'செயலாளர் முன்னேற்றத்துக்கு எதிரி' என்று சொல்லிக்கொண்டு திரிபவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன்: கட்டட்டும். கரையோரப் பாதையைப் பூட்ட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டட்டும்.

மனு முதலில் 15 பக்கம் இருந்தது. அதில் நான்கு பக்கம் ஆப்பிரவாசி காட் பற்றி. 1849இல் கட்டிய குடியேற்ற நிலையம், பதினாறு படிக்கட்டு, 1834லிருந்து 1920 வரை வந்த கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர், 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம், சுற்றிலும் 28.9 ஹெக்டேர் பாதுகாப்பு வளையம் என்று எல்லாம் உணர்ச்சியோடு எழுதியிருந்தேன். அந்த வளையத்துக்குள் கட்டடம் கட்டத் தனிக் கட்டுப்பாடு உண்டு என்பதால் நம் கையில் பெரிய ஆயுதம் கிடைத்துவிட்டதாக நினைத்தேன். நகரத் திட்டமிடல் படித்த நம் உறுப்பினர் மகள் ஒருவர் வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். "மாமா, ஆப்பிரவாசி காட் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம். லே சாலின் இந்தப் பக்கம். வளையத்துக்கு வெளியே இருக்கு" என்றார். நான்கு பக்கமும் போயின.

அதோடு அவர் நிற்கவில்லை. 1735இல் பிரெஞ்சு கவர்னர் லாபூர்தொனே வந்த பிறகு புதுச்சேரியிலிருந்து அழைத்து வரப்பட்ட நம் கொத்தர்களும் தச்சர்களும் உழைத்து உருவாக்கிய துறைமுகம் இது, கட்டியவன் வாரிசு கடலைப் பார்க்க இன்று காவலாளியிடம் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதையும் அடித்துவிட்டார். "வரலாறு சரிதான் மாமா, ஆனா இது மேடைப் பேச்சு. அவங்க கேட்கிறது பக்க எண்ணும் பத்தி எண்ணும்" என்றார். அந்தப் பத்தியை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது, அதை எங்காவது பதிவு செய்ய வேண்டும் என்பதால் இங்கே சேர்க்கிறேன். மனு கடைசியில் 9 பக்கமாகி, பிரெஞ்சில் அவர் கையால் திருத்தப்பட்டுச் சுத்தமாக வந்தது. இந்த ஆண்டு சங்கத்துக்காக உண்மையில் உழைத்த ஒரே இளைய உறுப்பினர் அவர். அவர் சந்தா பாக்கி என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. ஆனால் கணக்கு கணக்குதான்.

இனி கையெழுத்துப் பிரச்சினை. கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. அலுவலகம் நான்கு மணிக்கு மூடும். நம் விதிப்படி சங்கத்தின் பெயரில் போகும் கடிதத்துக்குத் தலைவர், செயலாளர் இருவர் கையெழுத்தும் வேண்டும். தலைவர் ஐயா அன்று மகேபூரில் ஒரு கல்யாணத்தில். துணைத்தலைவரின் தொலைபேசி அணைந்திருந்தது. பொருளாளர் எடுத்தார், 'யோசித்துத் திங்கட்கிழமை சொல்கிறேன்' என்றார். திங்கட்கிழமை கெடு முடிந்திருக்கும். நான் தனியாகக் கையெழுத்துப் போட்டு, சங்க முத்திரை வைத்து, மூன்று நாற்பதுக்குக் கொடுத்து ரசீது வாங்கினேன். ஏப்ரல் மாதச் செயற்குழுவில் இதற்காக என் மேல் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானத்தை நானே நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதினேன், நல்ல கையெழுத்தில். தலைவர் ஐயா பெருந்தன்மையோடு அடுத்த வாரம் தனிக் கடிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தார், அதையும் சேர்த்தேன். விதியை மீறினேன், உண்மை. மறுபடி அதே வெள்ளிக்கிழமை வந்தால் அதையேதான் செய்வேன் என்று சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

மனுவுக்குப் பதில் வந்தது. இரண்டு வரி. 'பெற்றுக்கொண்டோம், உரிய கவனம் செலுத்தப்படும்.' அதன் பிறகு மே 4ஆம் தேதி நகரசபைத் தேர்தல். 2015க்குப் பிறகு பத்து வருடம் கழித்து வந்த தேர்தல். வாக்குக் கேட்டு வந்தவர்கள் எல்லாருமே நம் பக்கம்தான். மனுவின் நகலைக் கேட்டு வாங்கினார்கள், கையில் சுருட்டிக்கொண்டு கைகுலுக்கினார்கள். நகல் எடுத்த செலவைப் பொருளாளர் இன்னமும் சொல்லிக்காட்டுகிறார்.

ஜூலையில் அந்தக் கட்டடங்களைக் கட்டப்போகும் நிறுவனத்தினரே நம் மண்டபத்துக்கு வந்தார்கள். தலைவர் ஐயா சம்மதித்து ஏற்பாடு செய்தது, எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டு ஆண்கள், ஒரு பெண், பெரிய திரை, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதிரி. நல்ல மரியாதையாகப் பேசினார்கள். வெயிலில் வந்தவர்களுக்குக் குளிர்ந்த பால் பானமான அலுடா, சுடச்சுடக் கட்டோ பிமாங் — நம் வீட்டுப் பருப்பு வடையின் சித்தப்பா பிள்ளை. அன்று மண்டபத்தில் 47 பேர். இந்தச் சங்கத்தின் எந்தப் பொதுக்குழுவிலும் நான் 47 பேரைப் பார்த்ததில்லை. போன ஆண்டுப் பொதுக்குழுவுக்கு 25 பேர் வேண்டும், 22 பேர் வந்தோம், அரை மணி நேரம் ஒத்திவைத்து விதிப்படி மறுபடி தொடங்கினோம். அடுத்த முறை அழைப்பிதழில் வடைப் படம் போடலாம் என்று நினைக்கிறேன்.

அந்த மாதிரியைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். மூன்று கட்டடங்களும் உள்ளே விளக்கு எரிய நின்றன. பால்கனியில் ஊசி அளவு மனிதர்கள் கூட இருந்தார்கள். கடல் நீலப் பிசினில். பின்னால் கசிஸ் முழுவதும் வெள்ளைப் பெட்டிகளாக, ஜன்னல் இல்லாமல். நம் சங்க மண்டபம் எங்கே என்று தேடினேன். அந்த இடத்தில் மூன்று பச்சை மரம் நட்டிருந்தது. அந்தப் பெண்ணிடம் காட்டினேன். பாவம், முகம் சிவந்துபோய், "அது வெறும் மாதிரிதான் மிஸ்யே" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நடைபாதை பற்றிக் கேட்டேன். எல்லாருக்கும் திறந்திருக்கும் என்றார்கள். எழுதித் தருவீர்களா என்றேன். சட்டப் பிரிவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் போல.

அதே கூட்டத்தில்தான் நம் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "சார் வீட்டு மொட்டை மாடியிலிருந்து கடல் தெரியும், அது மறைஞ்சிடும்னுதான் இவ்வளவும்" என்றார். விருந்தாளிகள் முன்னால் சொன்னது வருத்தம். பதிலை இங்கே பதிவு செய்கிறேன். ஆம், என் மொட்டை மாடியிலிருந்து கடல் தெரியும். துணி உலர்த்தப் போகும் என் மனைவி அங்கே பத்து நிமிடம் கூடுதலாக நிற்பார். கட்டடம் வந்தால் தெரியாது. அதற்காக நான் மனுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை. வேண்டுமானால் 9 பக்கத்தையும் படித்துப் பாருங்கள். நகல் அலமாரியில் இருக்கிறது என்று முன்பே சொன்னேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்வதற்குள்: என் அக்கா மகன் அந்த நிறுவனத்தில் கணக்குப் பிரிவு வேலைக்கு மனுப் போட்டிருக்கிறான். கிடைத்தால் சந்தோஷப்படுவேன்.

வேலை வரும், நிலத்தின் விலை ஏறும் என்று சொல்பவர்களை நான் முட்டாள்கள் என்று நினைக்கவில்லை. வீட்டுக்காரருக்கு விலை ஏறும். வாடகைக்கு இருப்பவருக்கு வாடகை ஏறும். நம் உறுப்பினர்களில் வாடகைக்கு இருப்பவர்கள் யார் யார் என்று எல்லாருக்கும் தெரியும். 'ஒன்றும் நடக்காது, நியோடவுன் மாதிரி இதுவும் காகிதத்தோடு போய்விடும்' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதே லே சாலினில் பெரிய நகரமே வரப்போகிறது என்றார்கள், 2015இல் அரசு அந்தக் குத்தகையையே ரத்து செய்தது, வழக்கு வெளிநாட்டு நடுவர் மன்றம் வரை போனது. அது நடந்தது நாம் சும்மா இருந்ததால் அல்ல. இந்த அறிக்கை எழுதும்வரை இப்போதைய திட்டம் பரிசீலனையில் இருப்பதாகத்தான் தகவல்.

ஆகஸ்டில் ஒரு லாரி வந்து 50 நாற்காலிகளை இறக்கிவிட்டுப் போனது. கூட்டத்தன்று நம் பழைய நாற்காலிகளின் நிலையைப் பார்த்து அந்த நிறுவனத்தினர் அன்பளிப்பாக அனுப்பியிருக்கிறார்கள். நல்ல நாற்காலிகள், மெத்தை வைத்தவை. மண்டபத்துக்கு வெள்ளையடித்துத் தரவும் தயார் என்று கடிதம். செயற்குழுவில் இதற்குத் தீர்மானம் எதுவும் போடவில்லை. சாவி வைத்திருக்கும் தம்பி கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டார். தனியாகக் கையெழுத்துப் போட்டதற்கு என்மேல் வருத்தம் தெரிவித்த செயற்குழு, தம்பிமேல் தெரிவிக்கவில்லை. சும்மா ஒரு தகவலுக்காகச் சொன்னேன். செயற்குழுவில் வைத்துக்கொள்ளலாம் என்று மூவர், திருப்பி அனுப்பலாம் என்று மூவர், தலைவர் ஐயா நடுவில். அதனால் பொதுக்குழுவுக்கு விடப்பட்டிருக்கிறது. நாற்காலிகள் பிளாஸ்டிக் உறையோடு பின் அறையில் இருக்கின்றன. அதனால் இந்த வருடம் சரஸ்வதி பூஜைச் சாமான்களை என் வீட்டில் வைக்க வேண்டியதாயிற்று.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தருவார். நான் பொதுவாகச் சொன்னால், வரவும் செலவும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று சரி. வங்கி இருப்பு போன ஆண்டைவிடக் கொஞ்சம் இறக்கம். நகல் எடுத்த வகையில் 2,140 ரூபாய் 'இதர' என்ற தலைப்பில் வருகிறது. அது எதற்கு என்று கேட்டால் பதில் சொல்லக் காத்திருக்கிறேன். சந்தா வருடத்துக்கு 300 ரூபாய். 86 பேரில் 31 பேர் கட்டியிருக்கிறார்கள். 9,300 ரூபாய் வந்தது, 16,500 ரூபாய் வரவில்லை. இதில் மூன்று வருடமாகக் கட்டாதவர்கள் 18 பேர். பெயர்களை வாசிக்கப் போவதில்லை. பட்டியல் அறிவிப்புப் பலகையில், காவடி நோட்டீசுக்குப் பின்னால் குத்தியிருக்கிறேன்; நோட்டீசைத் தூக்கினால் தெரியும். மாதக் கூட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பன்னிரண்டு அழைத்தோம், ஒன்பது நடந்தன, அதில் இரண்டில் நானும் பொருளாளரும் மட்டும் இருந்தோம். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பதால் அவை சீக்கிரம் முடிந்தன.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: தலைவர் ஐயா, பொறுமைக்கு, செயற்குழு அம்மாமார், சமையலுக்கு, மின்விசிறி பழுது பார்த்த தம்பி, தமிழ் வகுப்பு ஆசிரியை, கோவில் நிர்வாகம், பாத்திரங்கள் இரவல் தந்ததற்கு. விட்டுப்போன பெயர்கள் இருந்தால் மன்னிக்கவும்.

வரும் ஆண்டு. காவடி பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர்ப் பந்தலுக்கு எட்டுப் பேர் வேண்டும், இதுவரை மூன்று பேர், அதில் ஒருவர் நான். செயலாளர் பதவிக்கு நான் மறுபடி நிற்கவில்லை என்று நவம்பரிலேயே தலைவர் ஐயாவிடம் சொல்லிவிட்டேன். எனக்கு 67 வயதாகிறது, கண்ணில் புரை. பெயர் கொடுக்கக் கடைசி நாள் போன வெள்ளிக்கிழமை. ஒரு பெயரும் வரவில்லை. வரைபடம் விரித்த அந்தப் பெண் செய்யலாம் என்று என் எண்ணம். அவரிடம் கேட்டேன், யோசிக்கிறேன் என்றார். அவரை யாராவது நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டால் சம்மதிப்பார் என்று தோன்றுகிறது. நான் கேட்டால் வேலை வாங்கத்தான் கேட்கிறேன் என்று நினைக்கிறார். யாருமே வராவிட்டால் மனு விஷயம் ஒரு முடிவு காணும்வரை, தற்காலிகமாக, சாவியை மட்டும் வைத்திருக்க எனக்குச் சம்மதம். சாவி என்றால் முத்திரையும் சேர்த்துத்தான்.

கடைசியாக, இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஆறாவது பொருள் நாற்காலி. வாக்கெடுப்பு நடக்கும். சந்தா கட்டியவர்களுக்குத்தான் வாக்கு என்பது விதி, அதை இந்த முறை தளர்த்த மாட்டேன். திருப்பி அனுப்ப வேண்டும் என்று நினைப்பவர்களும் சரி, வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களும் சரி, தேநீர் இடைவேளையில் 300 ரூபாயைக் கொடுத்துப் பெயரைப் பதிந்துகொள்ளலாம். பொருளாளர் வாசல் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். ரசீதுப் புத்தகம் புதிது. சில்லறை கொண்டுவந்திருக்கிறேன்.

அதுவரை இந்தப் பழைய நாற்காலிகள்தான். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் இருப்பதற்குப் பின்கால் ஆடுகிறது, சாய்ந்து உட்கார வேண்டாம்.

வணக்கம்.

செயலாளர்
கசிஸ், போர்ட் லூயிஸ்
ஜனவரி 2026